இடுப்பு வலிக்கு நரம்பைச் சுடுவது: முதலில் எந்த நரம்பு என்று தெரியவேண்டும்

கேள்வி இது: மூன்று வருடமாக இடுப்பு வலி. மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் எல்4-எல்5 டிஸ்க் (இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை) லேசாகப் பிதுங்கியிருப்பதாகவும் ஃபேசட் மூட்டுகள் தேய்ந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறது. 'நரம்பைச் சுட்டுவிட்டால் வலி நின்றுவிடும்' என்று டாக்டர் சொல்கிறார். செய்துகொள்ளலாமா? கால் செயலிழந்துவிடுமா? வலி திரும்ப வருமா?

கால் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். இந்தச் சிகிச்சையில் சுடுவது காலுக்குப் போகும் நரம்பை அல்ல. முதுகெலும்பின் ஒவ்வொரு மட்டத்திலும் பக்கவாட்டுத் துளை வழியாக ஒரு நரம்பு வெளியே வருகிறது. வந்த உடனேயே அது இரண்டாகப் பிரிகிறது. முன்பக்கம் போவது தடிமனான கிளை. காலின் அசைவும் உணர்வும் அதன் பொறுப்பு. பின்பக்கம் திரும்புவது மெலிந்த கிளை. அந்த மெலிந்த கிளை மறுபடி பிரிந்து, உட்புறமாக நூல் போல ஒன்று ஓடுகிறது. அதற்கு மீடியல் பிராஞ்ச் என்று பெயர். முள்ளெலும்புகளுக்குப் பின்னால் ஜோடி ஜோடியாக இருக்கும் சின்ன மூட்டுகளின் வலியை மூளைக்குக் கொண்டுபோவது இதுதான். அந்தச் சின்ன மூட்டுகளைத்தான் ஃபேசட் மூட்டு என்கிறோம். முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கும் மல்டிஃபிடஸ் என்ற ஆழமான தசையை இயக்குவதும் இதே நரம்புதான். காலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஊசி இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும்வரை காலுக்கு ஒன்றும் ஆகாது. இடம் தவறினால் என்ன ஆகும், அதை எப்படித் தடுக்கிறார்கள் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ரிப்போர்ட்டில் பலரையும் குழப்பும் ஒரு விஷயம்: ஒவ்வொரு ஃபேசட் மூட்டுக்கும் இரண்டு நரம்புகள் வருகின்றன, ஒன்று அதே மட்டத்திலிருந்து, மற்றது ஒரு மட்டம் மேலிருந்து. எல்4-எல்5 மூட்டுக்கு வருபவை எல்3, எல்4 மீடியல் பிராஞ்ச்கள். அதிலும் எல்3 மீடியல் பிராஞ்ச் ஓடுவது எல்4 எலும்பின் பக்கக் கிளையின் மேல். அதனால் 'எனக்கு எல்4-எல்5ல்தானே பிரச்சினை, ஏன் எல்3 என்று எழுதியிருக்கிறார்கள்?' என்று பதற வேண்டாம். எல்5-எஸ்1 மூட்டுக்கு (எஸ்1 என்பது எல்5க்குக் கீழே உள்ள திரிக எலும்பின் முதல் பகுதி) எல்4 மீடியல் பிராஞ்சும் எல்5ன் பின்கிளையும். ஆக ஒரு பக்கம் இரண்டு மூட்டுகளை அமைதிப்படுத்த மூன்று இடத்தில் சுடவேண்டும், இரண்டு பக்கமும் என்றால் ஆறு இடம். இரண்டு மூட்டு என்று சொல்லிவிட்டு இரண்டே இடத்தில் ஊசி போட்டால் கணக்கு உதைக்கிறது என்று அர்த்தம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சிகிச்சை முதுகில் எதையும் சரிசெய்வதில்லை. தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருக்கும். வலிச் செய்தி போகும் கம்பியை மட்டும் அறுக்கிறோம். வலி அந்தக் கம்பி வழியாகப் போகிறது என்றால் பலன் உண்டு. வேறு வழியாகப் போகிறது என்றால் எவ்வளவு நேர்த்தியாகச் சுட்டாலும் பலன் பூஜ்யம். இதில் வேலையின் பெரும்பகுதி ஊசியை எடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வலி எங்கிருந்து வருகிறது என்பதை ஸ்கேன் சொல்லாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. நாற்பது வயதைத் தாண்டிய, இடுப்பு வலியே இல்லாத ஆட்களை எம்ஆர்ஐ எடுத்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுக்கமும் ஃபேசட் தேய்மானமும் தெரியும். தலைமுடி நரைப்பது போல அது. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள இரண்டு வரியும் வலிக்குக் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

வலியின் போக்கு ஓரளவு துப்புக் கொடுக்கும். நடுக்கோட்டுக்குச் சற்றுப் பக்கத்தில் வலித்து, நிமிர்ந்து நிற்கும்போதும் பின்னால் வளையும்போதும் கூடி, புட்டத்துக்கும் தொடைக்கும் பரவி முழங்காலோடு நின்றுவிட்டால் ஃபேசட் மூட்டைச் சந்தேகிக்கலாம். உட்கார்ந்தால், முன்னால் குனிந்தால் நடு இடுப்பில் ஆழமாகக் குடைகிறது என்றால் டிஸ்க்கையும் அதை ஒட்டிய எலும்புத் தகட்டையும் பார்க்கவேண்டும். பெல்ட் போடும் இடத்துக்குக் கீழே, புட்டத்தின் மேல்புறம் தெரியும் குழிக்குப் பக்கத்தில் விரல் வைத்து 'இங்கேதான்' என்று காட்டுகிறவருக்கு, முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டைச் (இடுப்பெலும்பு மூட்டு) சந்தேகிக்கவேண்டும். முழங்காலைத் தாண்டிப் பாதம்வரை மின்சாரம் பாய்வது போல இழுத்து, மரத்துப்போய், முதுகைவிடக் கால்தான் அதிகம் வலிக்கிறது என்றால் அது நரம்பு வேர் நசுங்குவது. அந்த நரம்பை யாரும் சுடக்கூடாது. இவை எல்லாம் சந்தேகங்கள்தான். கையால் தொட்டுப் பார்க்கும் எந்தப் பரிசோதனையும் ஃபேசட் வலியை உறுதிப்படுத்துவதில்லை.

உறுதிப்படுத்த உள்ள ஒரே வழி, சந்தேகப்படும் நரம்பைத் தற்காலிகமாக மரக்கவைத்துப் பார்ப்பது. இதைச் சோதனை பிளாக் என்கிறார்கள். எக்ஸ்ரே பார்வையில் ஒவ்வொரு நரம்பின் மேலும் 0.3 முதல் 0.5 மில்லி வரை மரப்பு மருந்து போடுவார்கள். ஏன் இவ்வளவு கொஞ்சம்? ஒன்று, இரண்டு மில்லி போட்டால் மருந்து பக்கத்திலுள்ள தசைக்கும் நரம்பு வேருக்கும் கசிந்து, எது மரத்ததால் வலி போனது என்று சொல்ல முடியாமல் போய்விடும். இது வைத்தியம் அல்ல, கேள்வி கேட்கும் ஊசி. இதில் ஸ்டீராய்டு கலக்கத் தேவையில்லை. தூக்க மருந்தும் கூடாது. தூக்க மருந்தே வலியை மந்தமாக்கிவிடும், பிறகு எதை நம்புவது?

இந்தச் சோதனையில் நோயாளியின் பங்குதான் பெரிது. பலருக்கு இதை யாரும் விளக்குவதில்லை. அன்று காலை வலி மாத்திரை போடாதீர்கள். வலி இருக்கும் நாளில் மட்டும் பிளாக் செய்துகொள்ளுங்கள். அன்று வலியே இல்லை என்றால் தேதியைத் தள்ளிவையுங்கள். ஊசிக்கு முன் எந்தச் செயல் வலியைக் கிளப்புகிறதோ, அதைச் செய்து பார்த்துப் பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். ஊசி முடிந்ததும் படுத்து ஓய்வெடுக்கக் கூடாது. அதே செயலைச் செய்யுங்கள்: நில்லுங்கள், நடங்கள், படியேறுங்கள், வழக்கமாக வலிக்கும் வேலையைச் செய்யுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எண்ணைக் குறியுங்கள், ஆறேழு மணி நேரத்துக்காவது. மருந்து போன இடத்தின் ஊசிக்குத்து வலி வேறு, உங்கள் பழைய வலி வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். மறுநாள் ஞாபகத்திலிருந்து 'பரவாயில்லாமல் இருந்தது' என்று சொன்னால் சோதனை வீண்.

ஒரே ஒரு பிளாக்கில் வலி குறைந்தது என்று நம்பிவிடக் கூடாது. ஒரு தடவை செய்து நன்றாகக் குறைந்தது என்று சொல்லும் நூறு பேரில் 25 முதல் 40 பேருக்கு உண்மையில் அந்த மூட்டு காரணமில்லை என்பது பல ஆய்வுகளில் கண்டது. அதனால் வேறொரு நாளில் வேறொரு மருந்தோடு மறுபடி செய்கிறார்கள். லிக்னோகெய்ன் ஓரிரு மணி நேரம்தான் தாங்கும், பூபிவகெய்ன் அதைவிட வெகுநேரம் தாங்கும். இரண்டு தடவையும் வலி குறைந்து, மருந்துக்கேற்ப நேரமும் வேறுபட்டால் சான்று வலுவானது. எத்தனை சதவீதம் குறைந்தால் போதும் என்பதில் நிபுணர்களுக்குள் சண்டை உண்டு. 50 சதவீதம் போதும் என்பவர்கள் பலர், 80 வேண்டும் என்பவர்கள் சிலர். என் கருத்தில், வலியின் பெரும்பகுதி கண்ணெதிரே காணாமல் போய், முடியாமல் இருந்த ஒரு செயல் அந்தச் சில மணி நேரம் முடிந்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். 'கொஞ்சம் லேசாக இருந்தது' என்பதை ஆம் என்று எடுத்துக்கொள்வதால்தான் பின்னால் ஏமாற்றம் வருகிறது.

சுடும் நாள் எப்படி இருக்கும்? பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் தலையணை வைத்து இடுப்பின் உள்வளைவைத் தட்டையாக்குவார்கள். மேலே சி-ஆர்ம் எக்ஸ்ரே (உடனுக்குடன் படம் காட்டும், வளைந்த கை கொண்ட கருவி). தொடையிலோ பின்னந்தொடையிலோ, சூட்டை உண்டாக்க ஊசி வழியாகப் பாயும் மின்சாரம் திரும்பிப் போக ஒரு தரைப்பட்டை ஒட்டுவார்கள். அது காய்ந்த தோலில், முடி நீக்கிய இடத்தில், முழுப் பரப்பும் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு மூலை தூக்கிக்கொண்டாலும் மின்சாரம் மீதிப் பரப்பில் குவிந்து தோல் வெந்துவிடும். முதுகில் போடும் ஊசியைவிட இந்தப் பட்டையால் வந்த தீப்புண் அதிக நாள் ஆறாமல் படுத்தும். பட்டைக்கடியில் எரிகிறது என்று தோன்றினால் அந்த நொடியே சொல்லுங்கள்.

தோலை மரக்கவைத்து, நுனியில் மட்டும் காப்புப் பூச்சு இல்லாத நீண்ட ஊசியை உள்ளே விடுவார்கள். திறந்த நுனியின் நீளம் வழக்கமாக 10 மில்லிமீட்டர்; தடிமன் 18 அல்லது 20 கேஜ் (எண் குறைந்தால் ஊசி தடிமன்). இலக்கு, எலும்பின் பக்கக் கிளையும் மேல்மூட்டு முனையும் சேரும் மூலை. நரம்பு அங்கே எலும்பை ஒட்டிய பள்ளத்தில் ஓடுகிறது.

இங்கேதான் செய்பவரின் கைத்திறம் தெரியும். சூடு ஊசியின் பக்கவாட்டில்தான் பரவும். நுனிக்கு முன்னால் அதிகம் போகாது. செங்குத்தாகக் குத்தி நுனியை மட்டும் நரம்பில் முட்டவைத்தால், நரம்பில் ஒரு புள்ளி மட்டும் வேகும், அல்லது அதுவும் தப்பிவிடும். கீழிருந்து சாய்வாக நுழைத்து, ஊசியை நரம்போடு சேர்த்து இணையாகப் படுக்கவைத்தால் பத்து மில்லிமீட்டர் நீளமும் வெந்துபோகும். வெந்த நீளம் எவ்வளவோ, மறுபடி வளர்ந்து இணைய அவ்வளவு நாள் ஆகும். 'ஊசியை நரம்புக்கு இணையாக வைப்பீர்களா?' என்று கேட்டால் தெரிந்தவர் உடனே புரிந்துகொள்வார்.

ஊசி இடத்தில் நின்றதும், பக்கவாட்டுப் படத்தில் நுனி நரம்பு வெளிவரும் துளைக்குள் போகவில்லை என்று பார்க்கவேண்டும். முன்னால் சொன்ன கால் நரம்பு அங்கேதான் இருக்கிறது. பிறகு மின் சோதனை. 2 ஹெர்ட்ஸ் துடிப்பில் மெல்ல வோல்டேஜைக் கூட்டினால் இடுப்புத் தசை துடிக்கலாம், அது நல்லது. கால் துடித்தால் நிறுத்தி, ஊசியை இடம் மாற்றவேண்டும். வழக்கமாக 2 வோல்ட் வரை பார்ப்பார்கள். சிலர் 50 ஹெர்ட்ஸில் உணர்வுச் சோதனையும் செய்து, அரை வோல்ட்டுக்குள் பழைய வலி இடத்தில் அழுத்தமோ கூச்சமோ தெரிகிறதா என்று கேட்பார்கள். நீங்கள் விழித்திருந்து பேச முடிகிற நிலையில் இருக்கவேண்டியது இதற்காகத்தான். ஆழ்ந்த மயக்கத்தில் செய்தால், சுடும்போது காலில் வலி பாய்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

எல்லாம் சரி என்றால் ஊசி வழியாகக் கொஞ்சம் மரப்பு மருந்து கொடுத்து, நுனியை 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி 60 முதல் 90 வினாடி வைப்பார்கள்; சிலர் இரண்டு நிமிடம்வரை. 45 டிகிரியைத் தாண்டினால் நரம்புத் திசு மீளாமல் அழியத் தொடங்கும். 90ஐத் தாண்டிக் கொதிக்கவிட்டால் திசு கருகி நுனியில் ஒட்டி, மின்சாரமே தடைபடும். கூடுதல் சூடு கூடுதல் பலன் இல்லை. நீரோட்டத்தால் நுனியைக் குளிர்விக்கும் வகை ஒன்று உண்டு. அதில் நுனி 60 டிகிரியில் காட்டினாலும் சுற்றியுள்ள திசு அதைவிடச் சூடாகி, வேகும் பகுதி பெரிதாக, உருண்டையாக அமையும். நரம்பின் பாதை ஆளுக்கு ஆள் மாறும் இடுப்பெலும்பு மூட்டுக்கு இது உதவி. 42 டிகிரியில் விட்டுவிட்டுக் கொடுக்கும் 'பல்ஸ்டு' முறை நரம்பை அழிப்பதில்லை; ஃபேசட் வலிக்கு அதன் பலன் பலவீனம். 'ஆர்எஃப்' (ரேடியோ அலைச் சூடு) என்று பொதுவாகச் சொன்னால் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்த பிறகு முதல் வாரம் வலி கூடலாம். ஒரு வாரமோ இரண்டு வாரமோ வெந்த இடம் நோகும். பனிக்கட்டி ஒத்தடமும் சாதாரண வலி மாத்திரையும் போதும். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம். மூன்றாம் நாளே 'தோற்றுவிட்டது' என்று முடிவு கட்டாதீர்கள். சிலருக்கு முதுகுத் தோலில் வெயிலில் வெந்தது போல எரிச்சல், துணி பட்டாலே கூச்சம் வரும். நரம்பு அழற்சி அது. பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். ஒரு கையகலத்துக்கு மரத்துப்போவதும் உண்டு.

வலி திரும்ப வருமா? பெரும்பாலானவர்களுக்கு வரும். சுட்ட நரம்பு வளர்ந்து மறுபடி இணைகிறது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. சிலருக்கு அதைவிட நீளும். முதல் தடவை நன்றாகப் பலன் தந்திருந்தால் மறுபடி செய்யலாம், அதுவும் பெரும்பாலும் பலன் தரும். முதல் தடவை இரண்டு மாதம்கூட நிற்கவில்லை என்றால் மறுபடி மறுபடி சுடுவதை விட்டு, வலியின் இடத்தைப் பற்றிய முடிவையே சந்தேகிக்க வேண்டும்.

இந்தச் சிகிச்சைக்குள்ள ஆதாரம் எவ்வளவு உறுதி என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதனால் மறைக்காமல் சொல்கிறேன். 1971இல் ரீஸ் என்பவர் கத்தியை உள்ளே விட்டு இந்த நரம்பை அறுப்பதாகச் சொல்லி மிகப் பெரிய வெற்றி விகிதங்களை அறிவித்தார். ரத்தக்கசிவுப் பிரச்சினையால் கத்திக்குப் பதில் ரேடியோ அலைச் சூட்டைக் கொண்டுவந்தவர் நார்மன் ஷீலி. 1979 வாக்கில் நிகோலாய் போக்டக் உடற்கூறாய்வு செய்து, அதுவரை குறிவைத்த இடங்களில் அந்த நரம்பே இல்லை என்று காட்டினார். நரம்பைத் தொடாமலேயே அத்தனை பேர் குணமானதாகச் சொன்னார்கள் என்றால், ஊசி போட்டுக்கொண்ட நம்பிக்கைக்கே எவ்வளவு சக்தி என்று பாருங்கள். இந்தத் துறையில் எந்த வெற்றி விகிதத்தைக் கேட்டாலும் இது நினைவில் இருக்கட்டும்.

பிறகு சரியான இலக்கில், கடுமையாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் செய்த ஆய்வுகள் நல்ல பலனைக் காட்டின. 2000இல் டிரேஃபஸ் குழு, இரண்டு பிளாக்கிலும் 80 சதவீதத்துக்கு மேல் வலி குறைந்த 15 பேரை மட்டும் எடுத்துச் செய்தபோது, ஒரு வருடம் கழித்து 60 சதவீதம் பேருக்கு வலி 90 சதவீதமாவது குறைந்திருந்தது. சின்ன ஆய்வு, ஒப்பிடக் குழு இல்லை. ஆனாலும் தேர்வின் முக்கியத்துவம் அதில் தெரிகிறது. மாறாக, 2017இல் நெதர்லாந்தில் 681 பேரிடம் செய்து வெளியிட்ட மூன்று ஆய்வுகளில், உடற்பயிற்சித் திட்டத்தோடு இந்தச் சூட்டையும் சேர்த்தவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க லாபம் இல்லை. அங்கே ஒரே பிளாக்கில் 50 சதவீதம் குறைந்தால் போதும் என்று சேர்த்தார்கள், ஊசி வைத்த முறையும் சரியில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடுகிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016 வழிகாட்டியில், மற்றவை பலிக்காமல், வலி பத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ இருந்து, பிளாக்கில் பலன் தெரிந்தவர்களுக்கு மட்டும் இதை ஒரு வாய்ப்பாக வைத்தது. 2025இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த பன்னாட்டு வழிகாட்டி, நாள்பட்ட முதுகுவலிக்கு இந்தவகை ஊசிகளையும் சூட்டையும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அதை எதிர்த்து வலி மருத்துவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். என் நிலை: எல்லா இடுப்பு வலிக்கும் இது என்றால் பிஎம்ஜே குழு சொல்வது சரி. இரண்டு பிளாக்கிலும் தெளிவாகத் தேறிய சிறு கூட்டத்துக்கு இது நியாயமான வழி.

இப்போது வேறொரு நரம்பு, வேறொரு வலி. ஒவ்வொரு முள்ளெலும்பின் உடலுக்குள்ளும் பின்பக்கம் நடுவிலுள்ள துளை வழியாக ரத்தக்குழாயோடு ஒரு நரம்பு நுழைகிறது. பேசிவெர்டிப்ரல் நரம்பு என்று பெயர். டிஸ்க்கை ஒட்டியுள்ள எலும்புத் தகட்டின் வலியை இது சுமக்கிறது. அந்தத் தகடு சிதைந்தால் எம்ஆர்ஐயில் அதை ஒட்டிய எலும்பு நிறம் மாறித் தெரியும்; 1988இல் மைக்கேல் மோடிக் வகைப்படுத்தியதால் மோடிக் மாற்றம் என்கிறார்கள். வகை 1 என்றால் வீக்கம், வகை 2 என்றால் கொழுப்பு. எல்3 முதல் எஸ்1 வரை இந்த இரண்டு வகையில் ஒன்று இருந்து, ஆறு மாதத்துக்கு மேல் வலித்து, மற்ற வைத்தியம் பலிக்கவில்லை என்றால் எலும்புக்குள் போய் இந்த நரம்பைச் சுடலாம். அமெரிக்காவில் 2016 முதல் அனுமதி உண்டு. இந்தச் சிகிச்சைக்கு மரக்கவைத்துப் பார்க்கும் சோதனை இல்லை. எம்ஆர்ஐ மாற்றமும் வலியின் போக்கும்தான் வழிகாட்டி. ரிப்போர்ட் எழுதுபவர் பல சமயம் மோடிக் பற்றி எழுதாமல் விட்டுவிடுகிறார், அதனால் படத்தையே மறுபடி பார்க்கச் சொல்லவேண்டும்.

செய்முறை முன்னதைவிடப் பெரியது. நல்ல மயக்கம் வேண்டும். முள்ளெலும்பின் பின்தூண் வழியாக எலும்பைத் துளைத்து, வளைந்த குழாயால் எலும்பின் நடுவுக்குப் போய், 85 டிகிரியில் 15 நிமிடம். சுடும் பகுதி ஒரு சென்டிமீட்டர் உருண்டை. ஒரு டிஸ்க்குக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு எலும்பிலும் செய்யவேண்டும். துளை தூணைக் கிழித்து வெளியே போனால் பக்கத்து நரம்பு வேர் காயப்படும். சில வாரம் கால் வலி வரலாம். எலும்பு மிகவும் மெலிந்தவர்களுக்கு இது கூடாது. இடுப்பெலும்பு உயரமாக இருப்பவர்களுக்கு எஸ்1ஐ எட்டுவதே சிரமம்.

இதன் ஆய்வுகளும் அதே பாடத்தைச் சொல்கின்றன. 2019இல் வெளியானதில் 140 பேர். முதல் 104 பேரின் மூன்று மாதக் கணக்கைப் பார்த்தபோதே, வலியால் அன்றாட வேலை எவ்வளவு முடங்குகிறது என்பதற்கு நூறுக்கு இடும் மதிப்பெண் சுட்டவர்களுக்கு 25 புள்ளி குறைந்திருந்தது, வழக்கமான வைத்தியத்தில் இருந்தவர்களுக்கு 4தான். பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் 2018இல் 225 பேரிடம் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வில் போலி செய்தவர்களுக்கே 15 புள்ளி குறைந்தது, உண்மையாகச் சுட்டவர்களுக்குச் சுமார் 20. உண்மையான லாபம் இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. ஒரு நல்ல விஷயம், எலும்புக்குள் இருக்கும் இந்த நரம்பு மீடியல் பிராஞ்ச் போல எளிதில் வளர்வதாகத் தெரியவில்லை. ஐந்து வருடத் தொடர்பார்வையிலும் பலன் நீடித்திருக்கிறது.

எண்டோஸ்கோப் வழியாக ஃபேசட் நரம்பை நேரில் பார்த்து வெட்டும் முறையும் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான வெட்டு. கண்ணால் பார்த்து அறுப்பதால் தப்புவது குறைவு, நரம்பு இணைவதும் தாமதமாகும். ஆனால் அதற்கும் முன்னால் அதே பிளாக் வேண்டும்.

தண்டுவட உறைக்கு வெளிப்பக்கம் கம்பி வைத்து, தோலுக்கடியில் பேட்டரி பதித்து, மின்துடிப்பால் வலியை அடக்கப் பார்க்கும் ஸ்டிமுலேட்டர் வேறு கதை. 1967இல் முதலில் வைத்தவரும் அதே ஷீலிதான். முதுகு அறுவைக்குப் பிறகும் தீராத கால் வலிக்கு அதன் இடம் ஓரளவு உறுதி. அறுவையே செய்யாத வெறும் இடுப்பு வலிக்கு ஆதாரம் மெலிதானது. ஆனால் 2022இல் நார்வேயில், முதுகு அறுவைக்குப் பிறகும் கால் வலி தீராத 50 பேரிடம் செய்த ஆய்விலேயே, ஒருவகைத் துடிப்பும் அணைத்து வைத்ததும் ஒன்றுபோலவே இருந்தன. நிரந்தரமாகப் பதிக்கும் முன் கம்பியை மட்டும் வைத்து ஒரு வாரம்போலச் சோதனை பார்ப்பார்கள். அந்த வாரத்தில் வலி பாதியாகக் குறைந்து, நடக்கும் தூரமும் தூக்கமும் கூடாவிட்டால் மேலே போகவேண்டாம். கம்பி நகர்வதும் தொற்றும் இதன் வழக்கமான தொல்லைகள்.

சிலர் இவற்றில் எதையும் இப்போதைக்குச் செய்யக்கூடாது: ஊசி போகும் இடத்தில் தொற்று உள்ளவர், காய்ச்சலில் இருப்பவர், கர்ப்பிணி. பேஸ்மேக்கர் உள்ளவருக்கு இதய மருத்துவரின் ஏற்பாடு இல்லாமல் ரேடியோ அலை பாய்ச்சக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தானாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் போகவும் கூடாது. ஃபேசட் ஊசிக்குப் பல சமயம் தொடரலாம், தண்டுவடக் கம்பிக்கு நிறுத்தியாகவேண்டும், முடிவு எழுதிக்கொடுத்தவருடையது. முன்பு ஸ்குரூ வைத்து முதுகு அறுவை செய்திருந்தால் சொல்லுங்கள். உலோகத்துக்கு அருகில் ஊசி நுனி போனால் ஸ்குரூவும் சூடாகும். சிறுநீர் தங்கிப்போவது, தொடையிடுக்கு மரப்பது, கால் பலவீனம் கூடிக்கொண்டே போவது, காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் எழுப்பும் வலியோடு காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் நரம்பைச் சுடுவது பற்றிய பேச்சே இல்லை. சிறுநீர், மரப்பு, கால் பலவீனம் மூன்றும் அன்றே அவசர சிகிச்சைக்குப் போகவேண்டியவை.

வலி குறைந்த மாதங்களை எப்படிச் செலவிடுகிறீர்கள் என்பதும் சிகிச்சையில் சேர்த்தி. மீடியல் பிராஞ்ச் வெந்தால் அது இயக்கிய மல்டிஃபிடஸ் தசையும் அந்த மட்டத்தில் சற்றே செயலற்றுப் போகும். நாள்பட்ட வலியால் அது ஏற்கெனவே மெலிந்திருக்கும். இரண்டாவது வாரத்திலிருந்து நடையைக் கூட்டி, நான்காவது வாரத்திலிருந்து பிசியோதெரபிஸ்ட்டோடு முதுகும் அடிவயிறும் சேர்ந்து தாங்கும் பயிற்சிகளைத் தொடங்குங்கள். வலி இருந்தபோது செய்ய முடியாத பயிற்சிகள் இப்போது முடியும், அதற்காகத்தான் இந்த அவகாசம்.

உங்கள் விஷயத்துக்கு வந்தால், நேராகச் சுடும் தேதி வாங்காதீர்கள். டாக்டரிடம் மூன்று கேட்கவேண்டும்: சுடுவதற்கு முன் இரண்டு சோதனை பிளாக் செய்வீர்களா, எத்தனை நரம்பு, எந்தெந்த நரம்பு என்று எழுதித் தருவீர்களா, எம்ஆர்ஐயில் மோடிக் மாற்றம் இருக்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்வீர்களா. உட்கார்ந்தால் வலிக்கிறதா, நின்றால் வலிக்கிறதா என்று இந்த வாரம் முழுக்க எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். முதல் பிளாக்கில் வலி அசையவில்லை என்றால், பணம் கட்டியிருந்தாலும் அந்த நரம்பைச் சுடவிடாதீர்கள்.